அடிவாரத்தில் கடை பிடிப்போர் கவனத்திற்கு

நம் அடிவாரத்தில் கடை பிடிக்க வருவோர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இடம் பார்க்கிறார்கள். ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகள் தண்ணீருக்கும் பழத்திற்கும் நொறுக்குத் தீனிக்கும் வரிசையாய் நிற்கும் நேரம் அது. அந்தக் கூட்டத்தைக் கண்டு ஒப்புக்கொண்ட வாடகையைக் கார்த்திகை மழையிலும் கொடுத்தாக வேண்டும். மழை நாளில் ஒரு தரம் வந்து நின்று பார்த்த பிறகே தொகை பேசுங்கள் என்பது நம் யோசனை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்: சொத்துவரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது, வாடகைக்கு விடுபவருக்கு அந்த உரிமை உண்டு என்பதற்கான பத்திரம். பங்காளிகளுக்குள் பாகம் பிரியாத கட்டடமாயின் எல்லோருடைய கையெழுத்தும் தேவை. இந்த ரசீதுகள் ஜி.எஸ்.டி. பதிவுக்கும் வேண்டியிருக்கும்.

"நம்ம ஆளுதானே, பத்திரம் எதற்கு?" என்பது இன்னும் நம்மிடையே உள்ள பழக்கம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வாய்ச்சொல்லிலேயே தலைமுறையாய்க் கடை நடத்தியோர் உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமற் போனதையே காட்டிக் கடையைக் காலி செய்யக் கோர 21ஆம் பிரிவு உரிமையாளருக்கு வழி விடுகிறது. பத்திரம் இல்லாததால் முதலில் அடிபடுபவர் வாடகைதாரர்தான். பதினோரு மாதத்திற்கு எழுதினால் இந்தப் பதிவு வேண்டாம் என்பதும் தவறு. மேலும், ரேக்கும் ஷட்டரும் நம் செலவில் போடுகிறவர் பதினோரு மாதத்திற்குக் கையெழுத்திடுவது சரியான கணக்கா என்று யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. பத்து மாதம் கொடுப்பதாயின், முழுத் தொகையும் பத்திரத்தில் வரட்டும். பகடி என்று தனியே கொடுத்த பணத்திற்கு எந்த ஆதாரமும் மிஞ்சுவதில்லை.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலைக்கு வண்டி ஏறாவிட்டால் அடிவாரத்தில் போணி ஏது? வியாபாரம் இல்லையே, வாடகை எப்படிக் கேட்கலாம் என்றால் சட்டம் நம் பக்கம் பேசுவதில்லை. கொரோனா ஊரடங்கின்போது டில்லி கான் மார்க்கெட் கடை வழக்கு ஒன்றில், 2020 மே மாதம் அங்குள்ள உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தில் அதற்கென நிபந்தனை இல்லாவிடில், கடை மூடிக் கிடந்தது என்பதற்காக வாடகை தள்ளுபடியாகாது. கட்ட வேண்டிய தேதியில் மட்டுமே சற்றுச் சலுகை கிடைத்தது. எனவே, "மலைப்பாதை அரசு உத்தரவால் தொடர்ந்து இத்தனை நாட்களுக்கு மேல் மூடப்பட்டால், அந்நாட்களுக்குப் பாதி வாடகை" என்பது போல ஒரு வரியை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் கேட்டால் உரிமையாளர் சிரிப்பார். அதற்காக விட்டுவிட வேண்டாம்.

வாடகையை வங்கி வழியே குறித்த தேதியில் செலுத்துவதே பாதுகாப்பு. ரொக்கமாயின் மாதந்தோறும் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். உரிமையாளர் வாங்க மறுத்தால் பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாகாது. வழக்கறிஞரிடம் கேட்டுச் சட்டம் சொல்லும் வரிசைப்படி நடக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் வந்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், முதலில் நோட்டீஸ், பிறகு மணியார்டர், அதன்பின் நீதிமன்றத்தில் டெபாசிட் என்ற படிகளைத் தாண்டியவருக்கு உச்ச நீதிமன்றம் 2002இல் பாதுகாப்புத் தர மறுத்துவிட்டது.

2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உரிமையாளரிடம் கடை எடுத்த பதிவு பெற்ற வணிகர், வாடகை மீதான 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும். இணக்கமுறையில் உள்ளோருக்கு 2025 ஜனவரியில் விலக்கு வந்தது.

சாவி வாங்கும் அன்று மின் மீட்டர் அளவைக் குறித்து, ஷட்டர், சுவர், கூரை ஒழுகல் எல்லாவற்றையும் படம் எடுத்து, அந்தக் குறிப்பில் உரிமையாளரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.