ஓவர்கிளாக் பண்ணலாமா? ஒரு மணி நேரத்தோட விலை என்னன்னு முதல்ல பாருங்க

நயினார்கோவில்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, போனஸ் வந்திருக்கு. வீட்ல இருந்துதான் வேலை. சனி, ஞாயிறுல கல்யாண வீடியோ எடிட் பண்றேன். புது கம்ப்யூட்டர் போடும்போது ஓவர்கிளாக் பண்ற மாதிரி வாங்கினா லாபமா?"

இது கம்ப்யூட்டர் கேள்வி மாதிரி தெரியும். ஆனா இது முதலீட்டுக் கேள்வி. அதனால கணக்காவே பார்த்துடுவோம்.

ஓவர்கிளாக்னா என்ன?

ப்ராசஸரை கம்பெனி குறிச்ச வேகத்தைத் தாண்டி ஓட்டுறதுதான் ஓவர்கிளாக். இந்த ஆசை சும்மா வரல. 1998-ல இன்டெல் செலரான் 300ஏ வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-ல இருந்து 100-க்கு மாத்தினா, நிறைய பேருக்கு அது 450-ல ஓடுச்சு. பெரிய செலவு இல்லாம 50 சதவீதம் கூடுதல் வேகம்! அன்னைக்கு அது நிஜமாவே லாபம்.

இன்னைக்கு நிலைமை வேற. இப்போ வர்ற ப்ராசஸர், சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற வரைக்கும் தானாவே வேகத்தை ஏத்திக்குது. கம்பெனி நமக்கு விட்டு வெச்சிருக்கிற மிச்சம் ரொம்பக் கம்மி. தாராளமா 10 சதவீதம்னு வெச்சுப்போம்.

செலவுக் கணக்கு

இன்டெல்ல ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ண பொதுவா 'கே' வகை ப்ராசஸரும் 'இசட்' வரிசை போர்டும் வேணும். சூட்டைத் தாங்க நல்ல கூலரும் வேணும். விலை கடைக்குக் கடை மாறும். நம்ம உதாரணத்துக்கு:

- ப்ராசஸருக்கு கூடுதல்: 5,000 ரூபாய்
- போர்டுக்கு கூடுதல்: 8,000 ரூபாய்
- கூலர்: 6,000 ரூபாய்
- மொத்தம்: 19,000 ரூபாய்

நாலு வருஷம் உழைக்கும்னா, வருஷத்துக்கு 4,750.

கரண்ட் பில்? வேகத்தோட நேர் விகிதத்துலயும், வோல்டேஜோட வர்க்கத்துலயும் மின்சாரம் ஏறும். ரெண்டையும் 10 சதவீதம் ஏத்தினா 1.1 × 1.1 × 1.1 = 1.33. அதாவது 33 சதவீதம் கூடுதல். 125 வாட் இழுத்தது 166 வாட் இழுக்கும். வாரம் 3 மணி நேரம் ரெண்டர் ஓடினா, 50 வாரத்துக்கு 150 மணி நேரம். கூடுதல் செலவு சுமார் 6 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு போட்டாலும் வருஷத்துக்கு 50 ரூபாய்தான். ஆக, கரண்ட் பில்லை நினைச்சுப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேற இடத்துல இருக்கு.

வரவுக் கணக்கு

150 மணி நேர ரெண்டர், 10 சதவீத வேகத்துல 136 மணி நேரமாகும். மிச்சம் சுமார் 13.6 மணி. 4,800 ரூபாயை 13.6-ஆல வகுங்க. ஒரு மணி நேரத்தை சுமார் 350 ரூபாய் கொடுத்து வாங்குறீங்க.

இப்போ தம்பிகிட்ட நான் கேட்ட கேள்வி: "ரெண்டர் ஓடும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?" "ராத்திரி போட்டுட்டுத் தூங்கிருவேண்ணே." முடிஞ்சது கதை! தூங்குற நேரத்தை மிச்சப்படுத்த எதுக்கு 19,000?

கணக்குல வராத ரிஸ்க்

ஓவர்கிளாக் பண்ணி ப்ராசஸர் பழுதானா இன்டெல், ஏஎம்டி ரெண்டு கம்பெனி வாரண்டியும் பொதுவா கை கொடுக்காது. முன்னாடி இன்டெல் இதுக்குன்னே காசு வாங்கிட்டு தனி பாதுகாப்புத் திட்டம் வித்தது. 2021-ல அதை நிறுத்திட்டாங்க. யோசிங்க, இந்த ரிஸ்குக்கு ஒரு விலை உண்டுன்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட விஷயம் இது. இப்போ அந்த விலையை முழுசா நீங்கதான் சுமக்கணும்.

அதோட நம்ம ராமநாதபுரம் வெயில். ஏசி இல்லாத ரூம்ல கூலர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், ரூம் சூட்டுக்குக் கீழ ப்ராசஸரைக் குளிர வைக்காது. முகூர்த்த சீசன் நடுவுல கம்ப்யூட்டர் படுத்துட்டா, போறது ப்ராசஸர் விலை மட்டும் இல்ல. வாங்கின அட்வான்ஸையும் திருப்பிக் கொடுக்கணும், பேரும் கெடும்.

டாக்ஸ்ல கழிக்கலாமா?

சம்பளத்துல கம்ப்யூட்டர் செலவைக் கழிக்க முடியாது. எடிட்டிங் வருமானத்தை தொழில் வருமானமா காட்டி, முறையா கணக்கு வெச்சா, கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. ஆனா டாக்ஸ் குறையுதுன்னு தேவையில்லாததை வாங்கினா, அதுவும் நஷ்டம்தான்.

அப்போ யாருக்கு ஓகே?

- ரெண்டர் முடியுற வரைக்கும் அடுத்த வேலையைத் தொட முடியாம உட்கார்ந்திருக்கிறவங்க, தங்களோட ஒரு மணி நேர வருமானத்தை 350-ஓட ஒப்பிட்டுப் பாருங்க.
- ஏஎம்டி ரைசன் வெச்சிருக்கிறவங்களுக்கு கூடுதல் செலவு குறையலாம், பெரும்பாலான ரைசன்ல பூட்டு இல்ல. வாரண்டி ரிஸ்க் மட்டும் அப்படியேதான் இருக்கும்.
- ஆசைக்குப் பண்றவங்க தாராளமா பண்ணுங்க. ஆனா அதை பொழுதுபோக்குச் செலவுல எழுதுங்க, முதலீடுன்னு எழுதாதீங்க.
- ஆபீஸ் லேப்டாப்பை மட்டும் தொடாதீங்க. அது உங்க சொத்து இல்ல.

தம்பி கடைசியில சாதாரண ப்ராசஸர், சாதாரண போர்டுதான் வாங்கினார். மிச்சத்துல ஒரு யுபிஎஸ். மீதிப் பணம் அவசர கால நிதிக்குப் போச்சு, அதுவரைக்கும் அவர்கிட்ட அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.

உங்க கம்ப்யூட்டர் மெதுவா இருக்கா? முதல்ல தூசி தட்டுங்க, ரேம் நிரம்பியிருக்கான்னு பாருங்க, பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா எஸ்எஸ்டி போடுங்க. அப்பவும் ஆசை விடலைன்னா, மேல இருக்கிற கணக்குல உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. உங்க ஒரு மணி நேரம் எவ்வளவுக்கு வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!