கரகரக்கும் மிக்சர்

கேள்வி: கல்யாணங்களுக்கு டி.ஜே. போடுகிறேன். மிக்சரில் ஃபேடரை நகர்த்தினாலே ஸ்பீக்கரில் கரகரக்கிறது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது ஃபேடருக்குள் இருக்கும் மசகைக் கரைத்துவிடும். மிஞ்சும் எண்ணெய்ப் பசையில் இன்னும் தூசி ஒட்டும். சாதாரண ஃபேடருக்குள் கரிப்பூச்சுப் பட்டை ஒன்றும், அதன்மேல் உரசி நகரும் மெல்லிய உலோக விரல்களும் உண்டு. இடையில் தூசியோ, மேடைப் புகைக் கருவி விடும் பிசுக்கோ புகுந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃபேடரை முழு நீளத்துக்கும் பலமுறை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். லேசான அழுக்கு இதிலேயே விலகிவிடும். விலகாவிட்டால், ஃபேடருக்கென்றே விற்கும் மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரை மிகக் கொஞ்சமாக விட்டு, மறுபடி நகர்த்துங்கள். நன்றாக உலர்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். அதன் பிறகும் கரகரத்தால் பட்டையே தேய்ந்திருக்கும், ஃபேடரை மாற்றிவிடுவதுதான் நல்லது. கிராஸ்ஃபேடரைப் பல மிக்சர்களில் சில திருகுகளைக் கழற்றியே மாற்றலாம்.

மேல்பரப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். திரவத்தைத் துணியில் விடுங்கள், மிக்சர் மேல் அல்ல. அடுத்த கல்யாணத்தில் புகைக் கருவியை உங்கள் மேசையைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.