கீழ்த்தட்டு குளிரவில்லையா?

மேலே ஐஸ் இருக்கிறது. கீழே வைத்த பால் திரிந்துபோகிறது. பிரிட்ஜையே விற்கும் முன் கொஞ்சம் பார்ப்போம். ‘நோ ஃபுரொஸ்ட்’ வகையில் குளிரைக் கீழே தள்ளும் சிறு ஃபேன் மோட்டர் நின்றிருக்கலாம்.

1. பிளக்கைக் கழற்றுவோம். 230 வோல்ட் ஆளையே எடுத்துவிடும்.

2. கதவைத் திறந்துவைத்து ஐஸைக் கரையவிடுவோம். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகிக் காஸ் போய்விடும்.

3. ஐஸ்பெட்டியின் பின்தட்டைக் கழற்றி, இறக்கையைக் கையால் சுற்றுவோம். இறுகியிருந்தால் மோட்டரை மாற்றவேண்டும். லேசாகச் சுற்றினால், தட்டைப் பூட்டிப் பிளக்கைப் போடுவோம். அப்படியும் ஓடாவிட்டால், மோட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று திருத்துகிற பாஸைக் கொண்டு பார்ப்போம்.

4. பழைய மோட்டரையே கடைக்குக் கொண்டுபோவோம். வோல்ட், சுற்றும் திசை, வயர் முனை மூன்றும் ஒத்திருக்கவேண்டும்.

5. பூட்டியபின் கதவை மூடிக் காதுகொடுத்துக் கேட்போம். திறந்தால் பல பிரிட்ஜ்களில் ஃபேன் தானாக நிற்கும்.

வீட்டில் இன்சுலின் இருந்தால், திருத்தும்வரை எங்கே வைப்பதென்று டிஸ்பென்சரியில் உடனே கேளுங்கள்.