குளியலறைச் சுவருக்குப் பேனல் அடிக்கும் முன்

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கடையும் குடியிருப்பும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. முன்னே கடை, அடுத்துச் சரக்கு அறை, அதற்குப் பின்னே குளியலறை. பழைய கடைத்தெருக் கட்டடங்கள் பலவும் இந்த அமைப்பில்தான் இருக்கும். ஆகவே குளியலறையின் ஒரு சுவர், மறுபக்கத்தில் சர்க்கரை மூட்டையும் அரிசி மூட்டையும் சாய்ந்து நிற்கும் சுவராகவும் இருக்கிறது. அந்தச் சுவரைப் பற்றித்தான் இங்கே பேச இருக்கிறோம்.

குளியலறைக்கு பி.வி.சி. பேனல் அடிக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. காரணம் வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். பழைய டைல்ஸை உடைத்தெடுத்துப் புதிது பதிப்பதென்றால் பல நாள் இடி, தூசி. திறந்து வைத்த பருப்பு மூட்டையின் மேலெல்லாம் சிமெண்டுப் பொடி படியும். பேனல் என்றால் இரண்டு ஆட்கள் வந்து ஓரிரு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவர் அன்றைக்கே பளபளக்கும்.

பளபளப்பில் தவறில்லை. ஆனால் ஓதம் ஏறிய சுவரின் மேல் பேனல் அடித்தால், ஓதம் நம் கண்ணுக்குத்தான் மறைகிறது. குளியலறைப் பக்கம் சரியாக உலர வழியில்லாத ஈரம், சரக்கு அறைப் பக்கம் வெளிவரத் தொடங்கும். அங்கே சணல் சாக்கு அதை உறிஞ்சிக் கொள்ளும். சர்க்கரை கட்டிதட்டும், வெல்லம் கசியும், அரிசியில் பூஞ்சை வாடை அடிக்கும். பேனலுக்குக் கொடுத்த பணத்தைப் போல இன்னொரு பங்கு மூட்டையில் போகும்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

இதற்கு இஞ்சினியர் வேண்டியதில்லை. நம் கடையிலேயே கிடக்கும் பாலிதீன் தாளில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, சந்தேகமான சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறையின் ஆவிதான். அதற்கு ஜன்னலையோ எக்ஸாஸ்ட் விசிறியையோ கவனித்தால் போதும். குளியலறைப் பக்கம் டைல்ஸ் இருந்தால் இந்தச் சோதனையைச் சரக்கு அறைப் பக்கம் செய்யுங்கள்.

ஈரம் உள்ளிருந்து வருகிறதென்று தெரிந்தால் அதன் ஊற்று எது என்று பார்க்க வேண்டும். இரவு கடை அடைத்தபின் எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயிலோ ஃப்ளஷ் தொட்டியிலோ ஒழுக்கு இருக்கிறது. சுவருக்குள் புதைத்த பழைய ஜி.ஐ. குழாய்கள் துருப்பிடித்து ஊசித் துளையாகக் கசிவது வெகு சாதாரணம். மட்டம் இறங்காவிட்டால் தரையைப் பாருங்கள். நீர் வெளியேறும் துளையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுவதும் விட்டு மறுபக்கச் சுவரைக் கவனியுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலைதான் பெரும்பாலும் குற்றவாளி.

பழுதை நீக்கி, உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்க்காப்பு மருந்து கலந்து புதிதாகப் பூசிய பிறகு சுவர் நன்றாகக் காய வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். தீபாவளி வியாபாரத்தில் கொத்தனாரைக் கவனிக்க யாருக்கு நேரம்? மாசி, பங்குனி வெயில்தான் தோது.

எதை எங்கே போடுவது

பி.வி.சி. பேனல் பெரும்பாலும் 10 அங்குல அகலத்தில், 10 அடி நீளத்தில் வருகிறது. உள்ளே கூடாக இருக்கும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, கரையான் தொடாது. ஆனால் பருப்பில் கல் கலப்பவர்கள் இருப்பது போல, இதிலும் சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மேல் சேர்ப்பவர்கள் உண்டு. துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வளைத்துப் பாருங்கள். நல்ல சரக்கு வளைந்து கொடுக்கும். தூள் மிகுந்தது பிஸ்கோத்துப் போல் ஒடியும்.

பி.வி.சி. சூட்டுக்கு ஆகாது. சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். தீப்பிடித்தால் மூச்சை அடைக்கும் நச்சுப்புகை வரும். ஆகவே வெந்நீர் அடுப்பு வைக்கும் இடத்தருகே கூடவே கூடாது. பிளைவுட் அடித்து மேலே லேமினேட் ஒட்டித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாக இருந்தாலும், வெட்டிய ஓரங்களைச் சரியாக அடைக்காவிட்டால் நாளடைவில் தொல்லைதான். குளியலறைக்கு அதை நாம் சொல்ல மாட்டோம்.

வாளியில் மொண்டு குளிக்கும் நம் வழக்கத்தில் ஒரு சுவர் தினமும் நன்றாக நனையும். அதற்கு டைல்ஸே மேல். மற்ற மூன்று சுவருக்கும் கூரைக்கும் பேனல் போட்டால் செலவும் குறையும், வேலையும் நிற்கும்.

நான்கு சுவருக்கும் பேனல்தான் என்று முடிவு செய்தவர்கள் வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். 5 அடிக்கு 7 அடி குளியலறை, 7 அடி உயரம், மூலையையொட்டி இரண்டரை அடிக் கதவு என்று கொள்வோம். கதவு போகச் சுற்றளவு இருபத்தொன்றரை அடி. செங்குத்தாக அடித்தால் 26 பேனல் வேண்டும். 10 அடியில் 7 அடி வெட்டியதும் ஒவ்வொன்றிலும் 3 அடி வீண். வாங்கியதில் பத்தில் மூன்று பங்கு குப்பைக்குப் போகிறது! அதையே கீழே 4 அங்குலம் டைல்ஸ் பட்டை விட்டுப் படுக்கைவாட்டில் எட்டு வரிசை அடித்தால் 20 பேனலில் முடியும். 7 அடிச் சுவரில் மிஞ்சும் துண்டு கதவுப் பக்கத்துக்கும், ஒரு பேனலின் இரு பாதிகள் இரண்டு 5 அடி வரிசைக்கும் ஆகின்றன. மேல் பேனலின் பள்ளம் கீழ்ப் பேனலின் நாக்கைக் கவ்வும்படி அடித்தால் நீர் வழிந்து ஓடிவிடும். இந்தக் கணக்கை ஆசாரி சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். சதுர அடி விலை பேசும்போதும் சட்டம், திருகாணி, மூலைப் பட்டை, சிலிகான், கூலி எல்லாம் சேர்த்துப் பொருத்திய விலையாகவே பேசுங்கள்.

அடிக்கும்போது அருகில் இருங்கள்

துளை போடுமுன் குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் ஓடும் பாதையைச் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். மெயினை அணைத்துவிடுங்கள். புதைந்த குழாயில் ஒரு துளை விழுந்தால் அது பேனலுக்குப் பின்னால் கசிந்துகொண்டே இருக்கும். ஆசாரிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இரும்புத் திருகாணி வெகுவிரைவில் துருவாகக் கண்ணீர் விடும்.

பேனலை மூலையோடு முட்டி இறுக்கக் கூடாது. பத்தடிப் பேனல் மார்கழிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே நான்கு மில்லிமீட்டர் வரை நீளும். அந்த இடைவெளி விடாவிட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். மூலைகளையும், குழாய் வெளியே வரும் இடங்களையும் பூஞ்சை பிடிக்காத சிலிகானால் அடைக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்டு இங்கே விரிந்து வெடித்துவிடும். அடி ஓரம் தரையைத் தொடாமல் டைல்ஸ் பட்டையின் மேலேயே நிற்கட்டும். பின்னால் நீர் இறங்கினால் அங்கே கண்ணில் படும். வெறும் சட்டத்தில் கீசரை மாட்டிவிட வேண்டாம். 15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதன் போல்ட் பேனலைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

பேனலின் கூடும் பின்னுள்ள இடைவெளியும் கரப்பானுக்கும் சுண்டெலிக்கும் அரண்மனை. மளிகைக்காரருக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. வெட்டிய முனைகளை மூடும் பட்டைகளையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பையும் திறந்து விடாதீர்கள். அடி ஓரத்து இடைவெளியில் நீர் வழியும்படி நுண்ணிய கம்பி வலை வைத்தால் போதும்.

வேலை முடிந்தபின் சரக்கு அறைப் பக்கத்தை மறந்துவிட வேண்டாம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகள், உணவுப்பொருள் வைக்கும் இடத்தின் சுவர் பூச்சு உதிராமல், துடைக்க எளிதாக இருக்க வேண்டும் என்கின்றன. மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி அடுக்குங்கள். ஆள் நுழைந்து பார்க்கும் இடம் இருந்தால்தான் ஓதம் திரும்பியது தெரியும். முதல் மழைக்குப் பின் பாலிதீன் தாளை மீண்டும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

ரசீது விஷயம் ஒன்று பாக்கி. கட்டடம் புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் மூலதனமாக ஏற்றினால், அந்த அளவுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. வீட்டு உபயோகத்துக்கான செலவுக்கும் கிடையாது. கடைப் பகுதிக்கும் வீட்டுப் பகுதிக்கும் தனித்தனியே பில் வாங்கி, ஆடிட்டரிடம் காட்டியபின் பதிவு செய்யுங்கள்.