முதல் மட்டி வாங்கும் முன்

முத்துக் குளிப்பவரின் காலைக் கவ்விப் பிடித்து மூழ்கடித்துவிடும் ராட்சதச் சிப்பியைப் பழைய சாகசக் கதைகளிலும் சினிமாக்களிலும் பார்த்திருப்போம். அதுதான் பெருமட்டி, அறிவியல் பெயர் டிரைடாக்னா. மிகப் பெரிய இனமான கிகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், எடை 200 கிலோவைத் தாண்டும். ஆனால் அது ஓட்டை மெதுவாகத்தான் மூடும். நன்றாக முதிர்ந்துவிட்டால் முழுக்க மூடவும் முடியாது. அது மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை.

நம்மால் அதற்கு நேரும் தீங்குதான் அதிகம். கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசையோடு வாங்கி வரும் முதல் மட்டி, பல வீடுகளில் சில மாதங்களிலேயே செத்துப்போகிறது. அக்கறை இல்லாததால் அல்ல. கேட்டு நம்பிய தவறான செய்திகளால்.

“மட்டி தண்ணீரைச் சுத்தம் செய்யும், புதுத் தொட்டியில் போட்டால் நல்லது.”

இதில் பாதி உண்மை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் மட்டி உறிஞ்சிக்கொள்ளும். அதற்காகத் தொட்டியின் துப்புரவு வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. உப்பும் வெப்பமும் காரத்தன்மையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் புதுத் தொட்டியை அது தாங்காது. தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம், காரத்தன்மை 8–10 டி.கே.எச். இருக்க வேண்டும். இந்த எண்களை ஒரு நாள் தொட்டுவிடுவது பெரிதல்ல, வாரக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். மீன் நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து போட்ட தொட்டியில் மட்டியை வைக்கவே வேண்டாம்.

“சின்னதாக, பளிச்சென்று இருப்பதை வாங்கிப் பழகலாம்.”

அதிக மட்டிகளைக் கொல்வது இந்த யோசனைதான் என்பேன். கடையில் கண்ணைப் பறிக்கும் நீலமும் ஊதாவும் பெரும்பாலும் குரோசியா, மாக்சிமா இனங்கள். இரண்டுமே ஆழம் குறைந்த பவளத்திட்டில் சுள்ளென்ற வெயிலில் வாழ்பவை; தொட்டியிலும் மிக வலுவான விளக்கு கேட்கும். குரோசியா 15 செ.மீ.தான் வளரும் என்பதால் சின்னத் தொட்டிக்கு ஏற்றது என்று விற்பார்கள். அளவு பொருந்தும், வெளிச்சம் பொருந்தாது.

முதல் மட்டிக்கு என் தேர்வு டெராசா. அடுத்தது ஸ்குவாமோசா. டெராசாவின் நிறம் அடக்கமானது, பழுப்பில் பொன்னும் நீலமும் கோடிட்டிருக்கும். மற்றவற்றைவிடக் குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும், வேகமாக வளரும். அரை மீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். வாங்கும்போது 7–10 செ.மீ. இருக்கட்டும். கட்டைவிரல் அளவுக் குஞ்சு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் உடலில் சேமிப்பே இல்லை.

நிறத்தை வைத்து ஆரோக்கியத்தைக் கணிக்கவும் முடியாது. மட்டிக்குள் வாழும் பாசியின் நிறம் பழுப்பு. நீலமும் பச்சையும் மட்டியின் சொந்தச் செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருபவை. கடையின் நீல விளக்கு அதை இன்னும் கூட்டிக் காட்டும். தொட்டிக்கு மேலே கையை நீட்டி, நிழல் விழச் செய்து பாருங்கள். வெளியே விரிந்திருக்கும் சதைமடலின் ஓரத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு கண்கள் உண்டு. நல்ல மட்டி நிழல் பட்டதும் சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும். சதைமடலின் நடுவில் வெளுத்திருந்தாலோ, நிழலுக்கு அசையாமல் இருந்தாலோ எடுக்காதீர்கள். ஓட்டின் விளிம்பில் புது வெள்ளைக் கோடு தெரிந்தால் அது வளர்கிறது என்று பொருள்.

“வெளிச்சம் இருந்தால் போதும், சாப்பாடு வேண்டாம்.” இதற்கு நேரெதிராக, “தினமும் பச்சைப் பாசி நீர் ஊற்றாவிட்டால் செத்துவிடும்.”

இரண்டையும் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உடலுக்குள் இருக்கும் பாசி ஒளியில் சர்க்கரை தயாரித்து மட்டிக்கு ஊட்டுகிறது. மட்டியோ நீரை வடிகட்டி மிதவை உயிர்களையும் உண்கிறது. கிகாஸ் இனத்தில் இதை அளந்து பார்த்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. மூச்சுவிடவும் வளரவும் தேவையான கார்பனில், சிறிய மட்டிகளுக்குச் சுமார் 65 சதவீதமும் பெரியவற்றுக்கு 34 சதவீதமும் வடிகட்டி உண்பதிலிருந்தே கிடைத்தன. ஆக, குஞ்சுக்கு இரை முக்கியம், வளர வளர வெளிச்சம் கைகொடுக்கும். 7 செ.மீ.க்கு மேற்பட்ட டெராசாவை நல்ல விளக்கின் கீழ், மீன்களுக்கு ஒழுங்காகத் தீனி போடும் தொட்டியில் வைத்தால் தனியாக ஊட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. மங்கிய விளக்கை மட்டும் எந்தப் பாசி நீரும் ஈடுகட்டாது.

“பிடிக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டால் இழுத்து எடுத்துவிடலாம்.”

கூடவே கூடாது. அடியிலுள்ள துவாரம் வழியாக நார் விட்டுத்தான் மட்டி பாறையைப் பற்றிக்கொள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் நாரோடு உள்ளுறுப்பும் கிழிந்து, சில நாளில் செத்துவிடும். நாரைக் கூரான கத்தியால் பாறையோரமாக அறுக்க வேண்டும். டெராசாவை மணலில் ஒரு தட்டையான கல்லின் மேல் வைத்தால், பிறகு கல்லோடு சேர்த்தே நகர்த்தலாம். குரோசியாவும் மாக்சிமாவும் பாறைக்கு உரியவை.

“வாயை அகலத் திறந்திருக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.”

சதைமடல் ஓட்டுக்கு வெளியே நன்றாக விரிந்திருப்பதுதான் நல்ல அடையாளம். நீரை உள்ளிழுக்கும் துளை தொளதொளவென்று பிளந்து கிடந்தால் அது ஆபத்தில் இருக்கிறது. இரவில் டார்ச் அடித்து ஓட்டின் மடிப்புகளையும் நார் வரும் துவாரத்தையும் பாருங்கள். அரிசி மணி அளவில் வெள்ளை நத்தைகள் தெரிந்தால் அவை மட்டியின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, முட்டைகளையும் நீக்க வேண்டும். ஏஞ்சல் மீனும் பட்டாம்பூச்சி மீனும் சதைமடலைக் கொத்தும்; அவை உள்ள தொட்டியில் மட்டி நிம்மதியாக விரியாது.

“கடையில் விற்கிறார்கள், அப்படியென்றால் சட்டப்படி சரிதான்.”

இந்தியாவில் சரியல்ல. மாக்சிமா, ஸ்குவாமோசா, இவற்றின் உறவான ஹிப்போபஸ் ஆகியவை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குப் பாதுகாப்பு தரும் அதே அட்டவணை. தமிழ்நாட்டில் யாராவது இவற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். லட்சத்தீவிலும் அந்தமானிலும் பவளத்திட்டுகளில் அவை இருக்கட்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ தொட்டி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பெருமட்டிகள் அனைத்தும், அழிவு அபாயத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பலாவ் தீவில் டெராசாவைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் பண்ணைத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பண்ணையில் பிறந்த மட்டி கிடைக்கும்போது கடலிலிருந்து பெயர்த்தெடுத்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை. எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அங்கே வாங்க வேண்டாம்.