மஞ்சளும் நினைவாற்றலும்

தமிழர் எந்த ஊரில் குடியேறினாலும் அவர்தம் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளுக்கு ஓர் இடம் உண்டு. சாம்பார், இரசம், கூட்டு என நாள்தோறும் உண்ணும் உணவில் அது சிறிதளவு சேர்கிறது. அச்சிறிதளவில் நஞ்சு கலந்திருந்தால் என்ன நேரும்?

அண்டை நாடான வங்கதேசத்தில் அவ்வாறே நேர்ந்தது. 1980களில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் நனைந்த மஞ்சள் கிழங்குகள் நிறம் மங்கின. வாங்குவோரோ பளிச்சென்ற நிறத்தையே விரும்பினர். ஆகவே, சிலர் கிழங்குகளை மெருகேற்றும்போது ஈய குரோமேட் என்னும் மஞ்சள் நிறப்பொருளைச் சேர்த்தனர். வெள்ளம் வடிந்த பின்னும் அவ்வழக்கம் நீடித்தது. 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இக்கலப்படத்தைச் சான்றுகளுடன் வெளிப்படுத்தினர்.

ஈயம் மூளைக்குப் பகை. வளரும் குழந்தைகளையே அது மிகுதியாகத் தாக்கும். ஆயினும் அதன் தீங்கு இளமையோடு முடிவதில்லை. உடலில் புகுந்த ஈயத்தின் பெரும்பகுதி, கால்சியத்தைப் போல எலும்பில் படிந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே தங்குகிறது. முதுமையில் எலும்பு தேயும்போது அது மீண்டும் குருதியில் கலந்து மூளையை அடைகிறது. எலும்பில் ஈயம் மிகுந்த முதியோரிடம் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் விரைந்து குறைவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. சிறுவயதில் உண்டது முதுமையிலும் உடன் வருகிறது.

எனினும், மறதி அனைத்திற்கும் ஈயமே காரணமன்று. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் மூளையைத் தளரச் செய்யும். பால், தயிர், முட்டை, மீன் முதலியவற்றில் உள்ள வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி தோன்றும். இதனைக் காலத்தே கண்டறிந்தால் பெரும்பாலும் சீராக்க இயலும். எனவே, தாத்தாவோ பாட்டியோ அடிக்கடி மறந்தால், 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்புடைய செயலாகும்.

நல்லுணவு நினைவாற்றலுக்குத் துணை நிற்கிறது. பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் ஈராண்டுகள் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்குச் சீரான உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவை அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினர் பொதுவான அறிவுரை மட்டுமே பெற்றனர். சிந்தனைத் திறன் தேர்வில் முதற்பிரிவினரே கூடுதலாக முன்னேறினர். மேலும், உணவில் கால்சியமும் இரும்புச் சத்தும் போதிய அளவு இருந்தால் உடல் ஈயத்தை ஈர்ப்பது குறைகிறது. கேழ்வரகில் கால்சியமும் முருங்கைக் கீரையில் இரும்புச் சத்தும் உள்ளன.

வங்கதேச அரசு வணிகர்களை எச்சரித்தது, சந்தைகளைச் சோதித்தது, தவறிழைத்தோருக்குத் தண்டம் விதித்தது. 2021ஆம் ஆண்டில் சோதிக்கப்பட்ட சந்தை மஞ்சளில் ஈயம் காணப்படவில்லை. நம் நாட்டிலும் மஞ்சளில் ஈய குரோமேட் சேர்ப்பது சட்டப்படி குற்றம். நிறத்தைக் கண்டு மயங்காமல், உணவுப் பாதுகாப்பு உரிம எண் உள்ள பொருளைத் தேர்ந்து வாங்குதல் நன்று. பளிச்சிடுவதெல்லாம் தூய்மையன்று.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
தண்டம் – அபராதம்
மெருகு – பளபளப்பு
பகை – எதிரி

பயிற்சி

1. மஞ்சளில் ஈய குரோமேட் சேர்க்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது?
2. சிறுவயதில் உடலில் சேரும் ஈயம் முதுமையில் மூளையை எவ்வாறு அடைகிறது?
3. 'பளிச்சிடுவதெல்லாம் தூய்மையன்று' – இத்தொடரைப் பாடக்கருத்தைக் கொண்டு விளக்குக.
4. பிரித்து எழுதுக: நல்லுணவு, ஈராண்டு.
5. செயல்பாடு: தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்கள் சிறுவயதில் உண்ட உணவுகளைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.