நான் "கண்டுபிடித்த" தத்துப்பூச்சி



எங்கள் வீட்டைச் சுற்றி ஏரிப் பாசன நெல் வயல். ராத்திரி ஆனால் ட்யூப்லைட்டில் பச்சைத் தத்துப்பூச்சி அப்பிக்கொள்ளும். ஒரு நாள் மூன்று பூச்சிகளைத் தீப்பெட்டியில் பிடித்தேன்.

முதல் பூச்சி: இறக்கை நுனி கறுப்பு, நடுவில் கறுப்புப் பொட்டு.
இரண்டாவது: நுனி வெளிர் பழுப்பு, பொட்டு இல்லை.
மூன்றாவது: முதல் பூச்சி மாதிரியேதான். ஆனால் தலையின் முன் விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கோடு.

"சார், புது இனம் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அறிவியல் ஆசிரியரிடம் ஓடினேன். சார் சிரிக்கவில்லை. கைலென்ஸைக் கொடுத்து, "முதல்ல காலைப் பாருடா" என்றார்.

1) கால்: பின்னங்காலில் சீப்புப் பல் போல முள் வரிசை இருந்தது. இதுதான் தத்துப்பூச்சிக் குடும்பத்தின் அடையாளம். புகையானுக்கு இந்த வரிசை கிடையாது. பின்னங்கால் நுனியில் அசையும் பெரிய முள் ஒன்று இருக்கும்.

2) ஆணா, பெண்ணா? முதல் பூச்சி ஆண், இரண்டாவது அதே இனத்துப் பெண். என் புது இனம் ஒன்று போச்சு!

3) தலைக்கோடு: கோடு இல்லாதது நெஃபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ். கோடு உள்ளது நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். இதற்கு 1870-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவதும் போச்சு!

அப்படியானால் உண்மையான புது இனத்தை எப்படி நிரூபிப்பது? நிறமும் பொட்டும் பூச்சிக்குப் பூச்சி மாறும். அதனால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியைத் தனியே எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சதையை நீக்குவார்கள். பிறகு கிளிசரினில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைவார்கள். இனப்பெருக்க உறுப்பின் வடிவம், அதில் உள்ள முட்களின் எண்ணிக்கை எல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடும். தெரிந்த இனங்கள் எதனோடும் ஒத்துப்போகாவிட்டால்தான் புதுப் பெயர். பெயருக்கு ஆதாரமான ஒரே ஒரு பூச்சியை 'ஹோலோடைப்' என்று பாதுகாத்து வைக்க வேண்டும். விளக்கத்தை வெளியிடவும் வேண்டும்.

பெரிய விஞ்ஞானிகளுக்கே குழப்பம் வந்திருக்கிறது. விரெசென்ஸுக்கு 1908-ல் பெயர் வைத்த டிஸ்டன்ட், அதை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1964-ல் ஜப்பானின் இஷிஹாரா அதே இனத்துக்கு இம்பிக்டிசெப்ஸ் என்று இன்னொரு பெயர் வைத்தார். 1971-ல் கௌரி என்பவர் இந்தப் பேரினத்தையே மறுபடி ஆராய்ந்து, இரண்டும் ஒன்றுதான் என்றார். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் விரெசென்ஸ் நிலைத்தது.

"பேர்ல என்னடா இருக்கு?" என்று தாத்தா கேட்டார். ஒரு வருஷம் எங்கள் வயலில் பயிர் மஞ்சளாகி, குட்டையாக நின்றுவிட்டது. துங்ரோ வைரஸ் நோய் என்றார்கள். இரண்டு இனமும் அதைப் பரப்பும். ஆனால் விரெசென்ஸ்தான் மிக வேகமாகப் பரப்பும். "அப்போ எது எதுன்னு தெரிஞ்சாகணும்" என்று தாத்தாவே லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

நண்பர்களே, இன்று ராத்திரி உங்கள் வீட்டு விளக்கடியிலும் பாருங்கள். ஆனால் "புதுசு" என்று சொல்வதற்கு முன்னால் காலை எண்ணுங்கள், தலையைப் பாருங்கள், பழைய புத்தகத்தையும் புரட்டுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவன், வானூர்